பாலத்துக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது, ஆறு ஓடுகிறதா?

சித்திரை வெயிலில் பேருந்து நேப்பியர் பாலத்தின் மேல் நிற்கும்போது எட்டிப் பார்த்தால், கூவம் இரு கரையையும் தொட்டுக்கொண்டு கிடக்கும். அதே வாரம் மேற்கே திருவள்ளூர் மாவட்டத்துக்குள் போய் அதே கூவத்தைப் பார்த்தால் மணலும் சீமைக்கருவேல முள்ளும்தான். அங்கே இருப்பவர் “ஆத்துல தண்ணியே இல்லைங்க” என்பார். இங்கே இருப்பவர் “தண்ணிக்கென்ன குறை, நாத்தம்தான் தாங்கலை” என்பார். இருவர் சொல்வதும் சரி. பேச்சு ஒரே ஆற்றைப் பற்றித்தான்.

நகரத்து ஆறுகளைப் பற்றிப் பேசும்போது மூன்று விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம்: மழை பெய்வது, ஆற்றில் தண்ணீர் இருப்பது, ஆறு ஓடுவது. “மழை இல்லை, அதனால் ஆறு இல்லை” என்று ஒருவர் முடித்துவிடுகிறார். “தூர் வாரினால் எல்லாம் சரியாகும்” என்கிறார் இன்னொருவர். நகரத்துக்குள் ஓடும் ஒரு சிற்றாறோ கால்வாயோ ஏன் மெலிந்து போகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கூவத்தை வைத்தே அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

இருப்பு வேறு, ஓட்டம் வேறு

மாடியில் 1,000 லிட்டர் தொட்டி நிறைந்திருக்கிறது. கீழே குழாயைத் திறந்தால் நூல் மாதிரி வருகிறது. வீட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. வருகிறதா என்று கேட்டால் இல்லை. ஆற்றிலும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரிவது தேங்கி நிற்கும் இருப்பு. நமக்குத் தெரிய வேண்டியது ஓட்டம்.

அந்த ஓட்டத்துக்கு நீரோட்ட அளவு என்று பெயர். ஆற்றின் ஓர் இடத்தை ஒரு விநாடியில் எவ்வளவு தண்ணீர் கடந்து போகிறது என்பதே அது. மேட்டூர் அணைச் செய்தியில் தினமும் படிக்கிறோமே, “விநாடிக்கு இத்தனை கன அடி” என்று, அதேதான். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர், பெரிய வாளியில் ஒன்றரை வாளி.

இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஓர் ஆரஞ்சுப் பழம், ஒரு கயிறு, ஒரு குச்சி, கைபேசியில் இருக்கும் கடிகாரம் போதும். பழம் ஏன் என்றால், தெர்மாகோல் துண்டைப் போட்டால் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். ஆரஞ்சு முக்கால்வாசி முழுகி மிதப்பதால் தண்ணீரின் வேகத்தில்தான் போகும். (நம் ஊர் எலுமிச்சையை நம்ப வேண்டாம், பாதி நேரம் முழுகிப் போகிறது.) ஒரு கால்வாய் 6 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பழம் 10 மீட்டர் தூரத்தை 50 விநாடியில் கடக்கிறது. அப்படியானால் மேற்பரப்பின் வேகம் விநாடிக்கு 20 சென்டிமீட்டர். அடியில் சேறும் கல்லும் உரசுவதால் மொத்தத் தண்ணீரும் அவ்வளவு வேகமாகப் போகாது, ஆகவே 0.85-ஆல் பெருக்குவது வழக்கம். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 300 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 11 கன அடி. ஒரு 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 40 விநாடியில் நிரம்பிவிடும்.

இதே பழத்தை நேப்பியர் பாலத்தடியில் போட்டால் வேடிக்கை. கடலை நோக்கிக் கொஞ்ச தூரம் போகும், சில மணி நேரம் கழித்துத் திரும்பி வரும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் போட்ட இடத்திலேயே நிற்கும். கரை தொட்ட தண்ணீர் அங்கே ஓட்டத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

மழை இல்லாத நாளில் ஆற்றுக்கு யார் தண்ணீர் தருகிறார்கள்?

மழை பெய்யும்போது ஆறு ஓடுவதில் ஆச்சரியம் இல்லை. மழை நின்று இரண்டு மாதம் ஆன பிறகும் ஒரு நல்ல ஆறு ஓடுகிறதே, அதுதான் ஆச்சரியம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

காபி பில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் பாத்திரத்தில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றுகிறோம். ஊற்றுவது அரை நிமிடம். கீழே டிகாஷன் சொட்டுவது அரை மணி நேரம். வெந்நீரைப் பொடி பிடித்து வைத்து, மெதுவாக விடுகிறது. ஆற்றின் இரு பக்கத்து நிலமும் இப்படித்தான். மழை மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடியில் நகர்ந்து, ஆற்றின் அடியிலும் கரையிலும் கசிந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். மழையற்ற நாளில் ஆற்றை ஓட வைக்கும் இந்தக் கசிவுக்கு அடியோட்டம் என்று பெயர். மழை பெய்தவுடன் தரைமேல் வழிந்து வந்து சேருவது மழையோட்டம். அடியோட்டம் மாதச் சம்பளம் என்றால் மழையோட்டம் தீபாவளி போனஸ்.

இப்போது பில்டரில் பொடியின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டு வெந்நீரை ஊற்றுங்கள். வெந்நீர் அத்தனையும் ஓரத்தில் வழிந்து மேடையெல்லாம் கொட்டும். கீழே டிகாஷன் ஒரு சொட்டு இராது. நகரம் மண்ணுக்குச் செய்வது இதைத்தான். கான்கிரீட் மாடி, தார்ச்சாலை, டைல்ஸ் போட்ட முற்றம் எல்லாம் நீர் புகாப் பரப்பு. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர். முன்பு அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் போனது. இப்போது குழாய் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து மழைநீர் வடிகாலுக்கும், அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் ஆற்றுக்கும் போய்விடுகிறது.

ஆகவே வெள்ளமும் வறட்சியும் எதிரெதிர் நோய்கள் அல்ல. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டு அடையாற்றின் கரையோரங்கள் மூழ்கின. 2019 ஜூனில் அதே செம்பரம்பாக்கம் ஏரி வெடித்த சேறாகக் கிடந்தது, ஊரே காலிக் குடத்தோடு வரிசையில் நின்றது. இரண்டுக்கும் மழையின் ஏற்ற இறக்கம் காரணம்தான், மறுக்கவில்லை. பெய்ததைப் பிடித்து வைத்து மெதுவாக விடும் நிலம் குறைந்ததும் சேர்ந்துகொண்டது.

மழை குறைவு என்ற வாதத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். லண்டனுக்கு 600 சொச்சம்தான். நமக்கு அது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது, அவர்களுக்கு ஆண்டு முழுக்கத் தூறுகிறது. மூன்று மாதத்தில் கொட்டுவதை மீதி ஒன்பது மாதத்துக்குப் பிடித்து வைக்க வேண்டிய ஊரில்தான் பொடியின் மேல் தாளை விரித்து வைத்திருக்கிறோம்.

இதுவரை பார்த்தது: நிற்கும் தண்ணீரை வைத்து ஓட்டத்தைச் சொல்ல முடியாது. மழையற்ற நாளில் ஓடுவது அடியோட்டம். மண்ணை மூடினால் அடியோட்டம் குறையும், மழையோட்டம் கூடும்.

ஆறும் தண்ணீர் குடிக்கும்

பாலாறு, வைகை ஓரம் வளர்ந்தவர்களுக்கு ஊற்று தோண்டுவது தெரியும். வறண்ட ஆற்று மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் சுரந்து நிற்கும். அங்கே நிலத்தடி நீர்மட்டம் ஆற்றின் தரைக்கு முழங்கை ஆழம் கீழே இருக்கிறது என்று அர்த்தம். அந்த மட்டம் கொஞ்சம் ஏறினால் ஆறு தானாக ஓடும். அந்த வகையில் ஆறு என்பது நீளவாக்கில் படுத்திருக்கும் கிணறுதான்.

மட்டம் இறங்கினால் என்ன ஆகும்? நிலம் ஆற்றுக்குத் தருவது நின்று, ஆறு நிலத்துக்குத் தர ஆரம்பிக்கும். மேலே விட்ட தண்ணீர் கீழே வருவதற்குள் மணல் குடித்துவிடும். தெருவுக்குத் தெரு ஆழ்துளைக் கிணறு போட்டு இரவு பகலாக மோட்டார் ஓடும் ஊரில் இது நடக்காமல் இருக்காது. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எல்லோரும் வீட்டுக் கிணற்றை நினைத்துத்தான் குழாய் பதித்தார்கள். ஆற்றின் அடியோட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பது அதிகம் பேசப்படவில்லை.

மேலேயே திருப்பப்பட்ட தண்ணீர்

ஓட்டம் குறைந்த ஆற்றை விசாரிக்கும்போது நகரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் பாதி விடை தவறிவிடும். கூவம் சுமார் 70 கிலோமீட்டர் நீளம். அதில் மாநகரத்துக்குள் வருவது கடைசிக் கால்பங்கு.

மேலே கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றின் தண்ணீர் பிரிகிறது. ஒரு பங்கு பூண்டி நீர்த்தேக்கத்துக்கு, ஒரு பங்கு கூவத்துக்கு. கூவத்தில் வந்ததும் நேராகச் சென்னைக்கு வருவதில்லை. ஜமீன் கொரட்டூரில் இன்னொரு அணைக்கட்டு இருக்கிறது, அங்கிருந்து பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. பூண்டியும் செம்பரம்பாக்கமும் சென்னையின் குடிநீர் ஏரிகள். புரிகிறதா? ஆற்றில் வர வேண்டியது குழாயில் வருகிறது. இதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். இத்தனை லட்சம் பேர் குடிக்க வேண்டும். ஆனால் “கூவம் ஏன் கோடையில் ஓடவில்லை” என்று கேட்டுக்கொண்டே அதன் ஒரு பங்கை நாம் காலையில் பல் தேய்த்துத் துப்பியிருக்கிறோம் என்பது நினைவில் இருந்தால் நல்லது.

அப்புறம் ஏரிகள். ஓர் ஏரி நிறைந்து கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு, அது நிறைந்து அதற்கடுத்ததுக்கு, கடைசியில் ஆற்றுக்கு என்பதுதான் இந்தச் சமவெளியின் பழைய ஏற்பாடு. ஏரி தண்ணீரைத் தேக்குவதோடு நிற்பதில்லை, அடியில் கசியவிட்டுச் சுற்றுப்புறத்தின் நீர்மட்டத்தையும் தாங்கும். தியாகராய நகர் 1920-களில் உருவானபோது அது இருந்த இடத்தில் மாம்பலம் பெரிய ஏரி இருந்தது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த பகுதியில் நிற்கிறது. ரங்கநாதன் தெருவில் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நின்றால் அது வழி தவறி வந்ததல்ல, வீடு தேடி வந்தது.

சரி, கோடையில் கூவத்தில் ஓடுவது என்ன?

மேலே திருப்பியாயிற்று, அடியோட்டம் மெலிந்தாயிற்று. இருந்தும் மே மாதம் அமைந்தகரையில் நின்றால் கறுப்பாக ஏதோ நகர்கிறது. அது பெரும்பாலும் நம் வீட்டுக் கழிவுநீர். இதைப் பார்த்தும் முகர்ந்தும் சொல்லலாம். ஆனால் விசாரணை என்று இறங்கினால் ஆதாரம் வேண்டும். எனக்குப் பிடித்த ஆதாரம் கடிகாரம்.

ஒரு பாலத்தின் தூணில் அளவுக் கோடு போட்டு, மழையில்லாத ஒரு வாரம் மணிக்கு ஒரு முறை நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு வந்தால் மூன்று விதமான தாளம் தெரியும். கழிவுநீர் மனிதர்களின் நேரத்தில் நடக்கும்: காலை குளியலும் துவையலும் முடிந்த சில மணி நேரத்தில் ஏறும், இரவு எல்லோரும் தூங்கிய பிறகு இறங்கும், மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி ஏறும். கடல் ஓதம் சந்திரனின் நேரத்தில் நடக்கும்: ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 6 மணிக்கு உச்சம் என்றால் நாளை 7-க்குக் கொஞ்சம் முன்னால். அடியோட்டத்துக்கு இந்த அவசரமெல்லாம் கிடையாது. ராத்திரி 3 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் ஏறக்குறைய ஒரே மட்டம்.

ஆகவே ஒரு கால்வாயின் உண்மையான அடியோட்டம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், விடிவதற்கு முன் 3, 4 மணிக்குப் போய் அளக்க வேண்டும். ஊர் தூங்கும்போது ஆற்றில் எது மிச்சம் இருக்கிறதோ, அதற்குள்தான் ஆற்றின் சொந்தத் தண்ணீர் இருக்கிறது.

இதற்குத் துணையாக ஒரு மலிவான கருவியும் உண்டு. வீட்டுக்கு ஆர்ஓ மெஷின் சர்வீஸ் செய்ய வருபவர் பேனா மாதிரி ஒன்றை டம்ளரில் விட்டு எண் சொல்வாரே, டிடிஎஸ் மீட்டர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை அது காட்டும். மழைநீர் என்றால் சில பத்துகளில் நிற்கும். கடல்நீர் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம், அந்தப் பேனா அவ்வளவு தூரம் எண்ணவே செய்யாது. கடலோரத்திலிருந்து மேல்நோக்கி நடந்துகொண்டே அளந்தால், எங்கே எண் சட்டென்று விழுகிறதோ அதுவரை கடல் வருகிறது என்று தெரிந்துவிடும். கழிவுநீரையும் கிணற்று நீரையும் இந்த எண் ஒன்றை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, சென்னையில் பல கிணறுகளே உப்பு. ஆனால் காலை 9 மணிக்கு ஓட்டமும் எண்ணும் சேர்ந்து ஏறினால் சந்தேகத்துக்கு இடமில்லை. (கையுறை, பூட்ஸ் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம். பிள்ளைகளைக் கரையோடு நிறுத்திவிடுங்கள்.)

ஆற்றோரக் கணக்குப் புத்தகம்

இனி வேலை எளிது. மழை நின்று ஒரு வாரம் கழித்து, ஒரே நாளில், மேலிருந்து கீழாக ஐந்தாறு இடங்களில் நீரோட்ட அளவை எடுங்கள். மளிகைக் கடைக் கணக்கு மாதிரி: முதல் பாலத்தில் 100 லிட்டர், இடையில் ஒரு கால்வாய் வந்து சேர்கிறது, அதில் 40. அடுத்த பாலத்தில் 140 இருக்க வேண்டும். 140 இருந்தால் சரி. 110 இருந்தால் நடுவில் 30 லிட்டரை மண் குடித்திருக்கிறது, அல்லது யாரோ மோட்டார் போட்டு எடுக்கிறார்கள். 190 இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் 50 லிட்டர் எங்கிருந்தோ விழுகிறது, கரையோரம் புதருக்குள் ஒரு குழாய் வாய் இருக்கும், போய்த் தேடுங்கள்.

எங்கே குறைகிறது என்று தெரிந்த பிறகுதான் ஏன் என்ற கேள்விக்கே போக வேண்டும். பெரும்பாலான சண்டைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. காரணத்தை முதலில் முடிவு செய்துவிட்டு இடத்தைத் தேடுகிறோம்.

சில காரணங்கள் யாரும் எதிர்பாராதவை. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே பதித்த பழைய பாதாளச் சாக்கடைக் குழாயில் விரிசல் விட்டிருந்தால், சாக்கடை வெளியே கசிவதற்குப் பதில் நிலத்தடி நீர் குழாய்க்குள் புகுந்துவிடும். ஆற்றுக்கு வர வேண்டிய அடியோட்டம் பேசாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். இதற்கு நேர்மாறாக, குடிநீர்க் குழாயின் கசிவே ஓர் ஓடையைக் கோடையில் உயிரோடு வைத்திருக்கலாம். கசிவை அடைத்த மறுவாரம் “ஓடை வற்றிவிட்டது” என்று புகார் வரும்.

சுருக்கமாக: எங்கே குறைகிறது என்பதை அளவுகளைக் கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஓடுவது எது என்பதைக் கடிகாரமும் உப்பும் காட்டிக்கொடுக்கும்.

முகத்துவாரமும் தூர் வாருவதும்

வங்கக் கடலின் அலைகள் நம் கரையோரம் ஆண்டில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த மணல் தெற்குப் பக்கமே தங்கிச் சேர்ந்தது. மெரினாவின் இன்றைய அகலம் அப்படி வந்ததுதான். கூவம் கடலில் சேரும் இடம் துறைமுகத்துக்கு உடனடித் தெற்கே, மணல் வந்து சேரும் அதே மூலையில். ஆற்றில் வேகம் இருந்தால் மணலைத் தள்ளிக்கொண்டு போகும். ஓட்டம் குறைந்தால் மணல் வாயை அடைக்கும், வாய் அடைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கும், தேங்கியதைப் பார்த்து நாம் ஆற்றில் தண்ணீர் இருக்கிறது என்போம்.

மணலை வாரி வாயைத் திறந்தால் கடல் உள்ளே வந்து போகும், நாற்றம் குறையும், வெள்ளம் வடியும். செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் தூர் வாருவது பாத்திரத்தைக் கழுவுவது மாதிரி. பாத்திரம் சுத்தமாகும், பெரிதாகும், சாம்பார் அதிகமாகாது. அதே தண்ணீர் அகன்ற, ஆழமான பள்ளத்தில் இன்னும் மெதுவாகத்தான் நகரும்.

கழிவுநீரை நிறுத்திவிட்டால்?

இதுதான் சங்கடமான இடம். கூவத்தில் விழும் கழிவுநீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் அடைத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்புகிறோம் என்று வையுங்கள். செய்தே ஆக வேண்டும். ஆனால் அதற்கு அடுத்த மே மாதம் ஆற்றில் என்ன ஓடும்? சுத்திகரித்த நீரையாவது ஆற்றில் விடலாமே என்றால், அதற்கும் ஆள் காத்திருக்கிறார்கள். கோயம்பேட்டில் 2019-இல் தொடங்கிய நவீன சுத்திகரிப்பு ஆலையின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர், விநாடிக்கு 520 லிட்டர். நாம் முன்பு ஆரஞ்சுப் பழம் போட்டு அளந்த கால்வாயைவிட ஒன்றே முக்கால் மடங்கு. அந்த நீர் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் போகிறது. தொழிற்சாலைகள் ஏரித் தண்ணீரைக் கேட்காமல் இருப்பது நல்லதுதான். ஆறுதான் வரிசையில் கடைசியில் நிற்கிறது.

கூவத்தைப் பற்றிய பேச்சில் யாராவது ஒருவர் தென்கொரியத் தலைநகரான சோல் நகரத்தைக் காட்டாமல் இருப்பதில்லை. அங்கே சோங்கேசோன் என்ற ஓடையைக் கான்கிரீட் போட்டு மூடி, மேலே உயர்மட்டச் சாலையும் கட்டியிருந்தார்கள். 2003-இல் சாலையை இடிக்கத் தொடங்கி 2005-இல் ஓடையைத் திறந்தார்கள். இப்போது தெளிந்த தண்ணீர் ஓடுகிறது, மக்கள் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், படம் பார்க்க அழகாக இருக்கிறது. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கப்படுகிறது, கூடவே சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரும் சேர்கிறது. நாளொன்றுக்கு சுமார் 1,20,000 டன், நம் கணக்கில் விநாடிக்கு 49 கன அடி. பக்கத்திலேயே ஹான் மாதிரி ஒரு பெரிய ஆறு இருப்பதால் அவர்களுக்கு இது முடிகிறது. அங்கேயும் பம்பு நின்றால் ஓடையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.